அணையாத அரிக்கேன்

காலை பத்தேகால். கரிசல் வெடிப்புகளைத் தாண்டி இசக்கிபாண்டியின் கிணற்றை நோக்கி ஓடுகிறாள் நுண்ணுயிர் ஆய்வாளர் ப்ரியதர்ஷினி. பலகை மூடிக் கிடந்த அந்தக் கிணற்றின் சேற்றைத்தான் போன மாதம் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனாள். நீலமாய் எரியும் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்று அதில் இருக்கிறது. இதுவரை தெரிந்த எந்தப் பேரினத்திலும் அதைச் சேர்க்க முடியவில்லை. அது விட்ட வாயு இரண்டே நாளில் புட்டியின் ரப்பர் மூடியைத் தள்ளிவிட்டது. இன்று பலகையை எடுத்துவிட்டார்கள். தூர்வார இறங்கும் முன் உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்க்க, இசக்கிபாண்டியின் மனைவி வெள்ளைத்தாய் எரியும் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குகிறாள். கயிறு கல்லில் உரசுகிறது. "அண்ணாச்சி, விளக்கை மேல தூக்குங்க. உள்ள இருக்கிற வாயு தீப்பிடிச்சு வெடிக்கும்," என்று கத்துகிறாள் ப்ரியதர்ஷினி. இசக்கிபாண்டி சிரிக்கிறார். "அணஞ்சாத்தான் பயம் டாக்டரம்மா. இன்னும் எரியுதுல்லா." வெள்ளைத்தாய் குனிந்து பார்க்கிறாள். "தாயி, சுடரச் சுத்தி நீலமா என்னமோ பெருசாகுதே, அது என்னது?"