தண்ணி மாத்துற வேலை

"இதெல்லாம் யாரோடது?"

சாப்பாட்டு மேஜை மேல் வாட்டர்கலர் டப்பா, நாலு ப்ரஷ், பாதி வரைந்த ஒரு படகு. எல்லாவற்றையும் ஒரே விரலால் சுட்டிக் கேட்டாள் அக்கா. கையிலிருந்த பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.

அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஹெட் நர்ஸ். பயிற்சி வகுப்புக்காக இரண்டு வாரம் தம்பி வீட்டில் தங்க வந்திருந்தாள். அவள் குரலைக் கேட்டாலே பேஷன்ட்டுக்குக் காய்ச்சல் இறங்கிவிடும் என்பான் தம்பி.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு. சின்னப் பொண்ணு வேற. சிங்க்ல பாத்திரம் மலை மாதிரி கிடக்கு. இதுக்கு நடுவுல படம் வரைய இங்க யாருக்கு நேரம்?"

பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் வாரம் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வருபவள் தம்பி மனைவி. சனிக்கிழமை நாலிலிருந்து அஞ்சு. அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது.

"என்னோடதுதான் அக்கா" என்று முந்திக்கொண்டான் தம்பி.

"உன்னோடதா?"

"ஆமா. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ணிப் பண்ணித் தலை சூடாயிடுது. இதை வரைஞ்சா கொஞ்சம் ஆறுது."

அக்கா படகைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். முகமே மாறிவிட்டது.

"அட, சொல்ல வேண்டாமா! நல்லா வரைடா. ஆம்பிளைக்கும் மனசு ஆறணும்ல?"

மனைவி பாத்திரம் கழுவப் போனாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே பேசின.

பின்னாலேயே வந்து கிசுகிசுத்தான் அவன். "கோவிச்சுக்காதே. உன்னோடதுன்னு சொன்னா ரெண்டு வாரமும் உன்னைப் பிடிச்சுக்குவா. இப்படின்னா ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கலாம், உன் ஒரு மணி நேரம் உனக்குக் கிடைக்கும்."

"வரையறது நீங்கன்னா, நான் எதுக்கு ரூமுக்குள்ள வரேன்?"

யோசித்தான். "ப்ரஷ் கழுவுற தண்ணி மாத்திக் கொடுக்க."

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு இருவரும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவன் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்தான். அவள் தாளை ஈரப்படுத்தி நீலத்தைத் தொட்டாள்.

ஈரம் காய்வதற்குள் வானம் முடிந்தாக வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனால் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடும். இதுவரை அவள் போட்ட வானமெல்லாம் அப்படிக் காய்ந்தவைதான்.

தட தடவென்று கதவு இடிபட்டது.

"அம்மா! பொம்மைக்குத் தலை வாரணும்!"

"ஏய், யார் அது?" வெளியே அக்காவின் குரல். "அஞ்சு மணி வரைக்கும் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. உங்கப்பா படம் வரையறார்."

"அப்பா இல்ல அத்தை! அம்மாதான் வரைவா!"

உள்ளே ஒரு கால்சட்டை அந்தரத்தில் நின்றது. ப்ரஷும் நின்றது.

"உங்கம்மா தண்ணி மாத்தறாடி. அது மட்டும் லேசுப்பட்ட வேலையா? பொம்மையை இப்படிக் கொண்டா, நான் வாரி விடறேன்."

நாற்காலி ஒன்றைக் கதவுப் பக்கம் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு போன் வந்தது, பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், எல்லாமே வாசலோடு திரும்பிப் போயின.

அஞ்சு மணிக்கு வெளியே வந்தபோது, முதல்முறையாக ஒரு திட்டுகூட இல்லாத வானம் அவள் கையில் இருந்தது.

"என்ன வானம்டா!" அக்கா தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். "கையா அது!"

தம்பிக்குக் காது சிவந்தது.

சமையலறையில் சிங்க் காலியாக மின்னியது. ஒரு ஸ்பூன்கூட மிச்சமில்லை.

"பார்த்தீங்களா?" மனைவி பல்லைக் கடித்தாள். "தம்பி வரைஞ்சா காவலும் காக்கிறாங்க, பாத்திரமும் தேய்க்கிறாங்க. நான் வரைஞ்சா மட்டும் நேரம் ஏதுன்னு கேள்வி!"

"உண்மையைச் சொல்லிடவா?"

"ஒண்ணும் வேண்டாம். ஊருக்குப் போகட்டும்."

அக்கா கிளம்பும் நாள் வந்தது. "இந்தப் படத்தை எடுத்துக்கறேன். எங்க வார்டுல மாட்டப் போறேன்" என்று அவளே ஒரு அட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டாள். டாக்ஸி வந்ததும் தம்பி பெட்டியோடு கீழே இறங்கினான்.

மனைவிக்குத் தாங்கவில்லை. மாட்டப் போவது அவளுடைய வானம். யார் பெயரில்?

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அது... அவர் வரைஞ்சது இல்லை."

"தெரியும்."

"குழந்தை சொன்னதை வெச்சா?"

"வந்த அன்னிக்கே தெரியும். நான் பெட்டியைக் கீழே வைக்கறதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன் அண்ணி ஒண்ணும் கேக்கலை?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "வந்ததும் வராததுமா வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். என் எதிர்ல நின்னு வாயே திறக்காதவன், உனக்காகத் துணிஞ்சு பொய் சொல்றான். அதை உடைக்க மனசு வரலை. சரி, வெளியில உக்காந்து காவலாவது காக்கலாம்னு பார்த்தேன்."

"ஆனா எப்படி உடனே கண்டுபிடிச்சீங்க?"

கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. அக்கா சிரித்தாள்.

"பத்தாவது முடிக்கிற வரைக்கும் அவனோட சயின்ஸ் நோட்டுல பூ, தவளை, இதயம் எல்லாம் வரைஞ்சு கொடுத்தது யாருன்னு நினைக்கிறே? வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு வரைவேன். அப்புறம் அதுவும் விட்டுப் போச்சு. எனக்குக் கதவுக்கு வெளியே உக்கார யாரும் இல்லையே!"