முன்வரிசை நாற்காலி

“புருசன் செத்து முழுசா பதினாறு நாள் ஆகல. அதுக்குள்ள நாடகம் கேக்குது பாரு இவளுக்கு!”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லீலாவதியைப் பார்த்துப் பின்னாலிருந்து யாரோ சொன்னது திலகத்தின் காதில் விழுந்தது. அவள் மனசும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

கோலசிலாங்கூர் அரசாங்க மண்டபம். தோட்டத்து ஆட்களுக்கு அதைத் திறந்துவிட்டதே இதுதான் முதல் தடவை. மாவட்ட அதிகாரி டி.ஓ. முதற்கொண்டு பெரிய மனுசர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் ராஜா வேசத்தில் திலகத்தின் புருசன் காளியண்ணன். இன்றைக்கு மானம் போனால் மறுபடி மண்டபத்து வாசலை மிதிக்க முடியாது.

அதுவும் எப்படிப்பட்ட நாடகம்! காளியண்ணனுக்கு எழுத்து வாசனை கிடையாது. கூட்டாளி வீரன்தான் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து ராத்தோறும் வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பாடம் பண்ணவைத்தான். திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொடுக்க வேண்டியவனும் அவன்தான். மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் கிறுக்கிய நோட்டை வாசிக்க வேறு ஆளில்லை.

“நான் பாத்துக்கறேன், நீ பயப்படாதே” என்று மட்டும் சொன்னான் காளியண்ணன்.

அந்த வீரனின் பெண்சாதி லீலாவதி, இப்போது முன்வரிசையில், மேடைக்கு நேர் எதிரே! வாய் வேறு ஓயாமல் அசைகிறது. பின்வரிசையிலிருந்து பார்த்த திலகத்துக்குக் கன்னம் மட்டும்தான் தெரிந்தது.

‘வெத்தல வேற மெல்லுறா! செம்பனை எண்ணெய் ஆலையில, மிசின் எரைச்சல்ல கூட உதட்டசைச்சே ஊர்க்கதை பேசுறவ. துக்கத்துல ரெண்டு வாரம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியலையாக்கும்!’

திலகம் மண்டபத்துக்குக் காவல் நிற்கும் ஜாகா இருசப்பனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, தீட்டுக்காரி முன்னால குந்திக்கிட்டு இருக்கா. நல்ல காரியம் வெளங்குமா? பின்னால அனுப்புங்கண்ணே.”

“நானா? என்னால ஆகாதும்மா. நீயே சொல்லு.”

திலகமே முன்வரிசைக்குப் போய்க் குனிந்து, “அக்கா, எந்திரிச்சுப் பின்னால போங்க” என்றாள்.

“இல்ல திலகம், நான் வந்தது...”

“எதுக்கு வந்தா என்னக்கா? ஊரு சிரிக்குது.”

லீலாவதி மேடையை ஒரு தரம் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

இரண்டே நிமிசம். மேடையில் ராஜா நின்றுவிட்டார்.

“மந்திரியே...” என்றார். மறுபடியும், “மந்திரியே...”

கண் முன்வரிசையில் எதையோ தேடியது. அட்டைக் கிரீடத்துக்குக் கீழே வேர்த்து ஊற்றியது.

“ராஜாவுக்குத் தூக்கம் வந்திருச்சு லா!” என்று ஒருத்தன் கத்தினான். கூட்டம் சிரித்தது. டி.ஓ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

‘பலிச்சிருச்சே தீட்டு!’ திலகத்துக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மண்டபத்தை விட்டே விரட்டிவிடுவது என்று பின்வாசலுக்கு ஓடினாள்.

லீலாவதி வாசற்படியில் நுனிக்காலில் எக்கி நின்றிருந்தாள். அவள் வாயில் வெற்றிலையும் இல்லை, பாக்கும் இல்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்ற, சத்தமே இல்லாமல் உதடு மட்டும் மேடையைப் பார்த்து ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

அதே ஆலையில் புருசனோடு பத்து வருசம் வேலை பார்த்தவள்தானே திலகம். அந்த உதட்டைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘மந்திரியே, நம்மை நம்பி வந்தவளை வாசலில் நிறுத்தியது யார்?’

“நான்தான்க்கா!” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கு ஓடினாள் திலகம்.