பெரிய மேஜை

“கம்பெனி உங்க பேர்ல, நாற்காலி மட்டும் அவருக்கா?”

சிரித்தபடிதான் நோமாலிசோவிடம் கேட்டாள் சோலேக்கா. டெண்டர் சான்றிதழுக்காக நேரில் பார்க்க வந்த அதிகாரி. பெண்களின் தொழிலுக்கு முன்னுரிமை என்று சட்டம் வந்ததிலிருந்து, மனைவி பேரைப் போட்டுவிட்டு அதிகாரம் பண்ணும் புருஷன்மாரை, தென்னாப்பிரிக்காவின் அந்த ஈஸ்ட் லண்டன் நகரம் முழுக்கப் பார்த்தவள்.

ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடம் அது. பெரிய மேஜைக்குப் பின்னால் நோமாலிசோவின் புருஷன் வூயானி போனில் அதட்டிக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை அத்தனை விரிப்பும் போயாகணும், தெரிஞ்சுதா? நோமாலிசோ! வந்தவங்களுக்கு டீ எங்கே?”

சட்டப்படி முதலாளியான நோமாலிசோ, டீயும், எண்ணெயில் பொரித்த சூடான அமக்வின்யா உருண்டைகளும் கொண்டுவந்து வைத்தாள்.

சோலேக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அக்கா, ஒப்பந்தம் போனா இங்கே வேலை பாக்கிற பொண்ணுங்க கதி என்ன? ‘நான்தான் முதலாளி’ன்னு இவர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்.”

“கொஞ்சம் வெளியே வாங்களேன், சொல்றேன்.”

“வெளியே வந்தா எல்லாரும்தான் சொல்றாங்க. இங்கேயே சொல்லுங்க.”

வூயானி மனைவியின் முகத்தையே பார்த்தார்.

நோமாலிசோ டீக்கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். “அவர்தான் முதலாளி.”

“பின்னே?” கடகடவென்று சிரித்தார் அவர். “இவ நல்லா டீ போடுவா, அவ்வளவுதான்!”

‘பினாமி. நிராகரிக்கவும்.’ அங்கேயே டேப்லெட்டில் தட்டி அனுப்பிவிட்டாள் சோலேக்கா. இனி அடுத்த வருஷம்தான் விண்ணப்பிக்க முடியும்.

வூயானி மறுபடி போனை எடுத்தார். “ஹலோ, ஆஸ்பத்திரியா?”

கீழே வைத்திருந்த பையை எடுக்கக் குனிந்த சோலேக்கா அப்படியே நின்றாள்.

போனின் ஒயர் எங்கேயும் செருகப்படவில்லை. அழகாகச் சுருட்டி, ரிப்பன் கட்டி, மேஜைக்கடியில் கிடந்தது.

வாசல்வரை கூடவே வந்தாள் நோமாலிசோ.

“நோயில ஞாபகம் போயிடுச்சு, தங்கச்சி. அவர் நடத்தின கடை முழுகினதும் தெரியாது, நான் இதைத் தூக்கி நிறுத்தினதும் தெரியாது.”

“ஐயோ, அனுப்பிட்டேனே... அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதாக்கா?”

“அவர் எதிர்லயா? சொல்றப்பல்லாம், முதல் தடவை கேக்கிற மாதிரியே அழறாரும்மா.”