முதல் ஹலோ

மைக்செட்காரர் சுவரில் இருந்த முதல் படத்தைக் கழற்ற ஸ்டூலில் ஏறியபோது, வாசலில் ‘மறுபடியும்’ வந்து நின்றார்.

மூன்று தேர்தல்களில் நின்று மூன்றிலும் தோற்றவர். “மறுபடியும் வருகிறேன்” என்று தெருவெல்லாம் எழுதிவைத்ததற்கு ஊர் கொடுத்த பட்டம் அது.

இனி வர முடியாது. எல்லையைத் திருத்திய புண்ணியவான்கள் அந்த நாடாளுமன்றத் தொகுதியையே நாலாகப் பிய்த்து, அக்கம்பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கு போட்டுவிட்டார்கள்.

இல்லாமல் போன தொகுதியின் கதையைக் கண்காட்சியாக வைக்கப்போகிறார்களாம். அருங்காட்சியகத்து அம்மாள் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

கதை முழுக்க இந்தச் சுவரில்தான் இருந்தது. ஜெயித்த அத்தனை பேரும் இந்தக் கடைப்படியில் நின்று, வாடகை மைக்கில் முதல் “ஹலோ” சொல்லிவிட்டுத்தான் பிரசாரத்துக்குக் கிளம்பினார்கள். அப்போது எடுத்த படம், வெற்றி ஊர்வலம் கடையைத் தாண்டும்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் மாலையோடு தொங்கும்.

முடிவு வந்த ஈரம்கூடக் காய்ந்திருக்காது. அதற்குள் எப்படி?

ராசியான கடை, முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்றது ஊர். மைக்செட்காரர் மறுக்கவில்லை. வாயைத் திறந்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள அவருக்கென்ன கிறுக்கா?

தோற்றவர்களும் அவரிடம்தான் மைக் எடுத்தார்கள். அதை யாரும் கேட்டதில்லை.

“நானும் இதே படியிலதானே தம்பி நின்னேன்? நீயும் பல்லைக் காட்டச் சொல்லிப் படம் புடிச்சியே. அதெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சா?”

‘மறுபடியும்’ சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அடுத்த தேர்தலில் பார்த்துக்கலாம் அண்ணே என்று முன்பெல்லாம் சமாளித்துவிடலாம். இன்று அந்தச் சரக்கும் தீர்ந்துபோயிருந்தது.

“ராசிக் கடைன்னே போர்டுல எழுதிடட்டுமா சார்?” என்றார் அம்மாள், பேனாவைத் திறந்தபடி.

மைக்செட்காரர் ஒரு கணம் பேனாவைப் பார்த்தார். பிறகு அந்த இஸ்திரி மடிப்பைப் பார்த்தார்.

“கொஞ்சம் பொறுங்க மேடம்.”

ஸ்டூலை நகர்த்தி, வேறொரு படத்தை எடுத்து வந்து மேசையில் குப்புறப் போட்டார். நாலு ஆணிகளைப் பிடுங்கிப் பின்பலகையைத் தூக்கினார்.

ஓட்டு எண்ணும் நாள் காலையிலேயே, ஜெயிக்க வாய்ப்புள்ள இரண்டு பேர் படத்தையும் ஒரே சட்டத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடுவார். முடிவு தெரிந்ததும் ஜெயித்தவரை முன்னால் மாற்றினால் போதும். அவ்வளவுதான் ராசி.

தோற்றவரை வெளியே எடுக்க மட்டும் ஒருமுறைகூட அவருக்கு மனசு வந்ததில்லை.

முன்னால் இருந்த எம்.பி.யை இத்தனை வருட வெயில் வெளுத்துவிட்டிருந்தது. மூக்கு எது, வாய் எது என்று தேட வேண்டியிருந்தது.

அவருக்குப் பின்னால், கறுத்த மீசையோடு, “ஹலோ” சொல்ல வாயைத் திறந்தபடி, ‘மறுபடியும்’ நேற்று எடுத்த படம் போல இருந்தார்.