ரெட்டைக் கம்பிப் பதம்

“இது லாக் புக்கா, சமையல் குறிப்பா?”

சூப்பர்வைசர் இராமதாஸ் பதிவேட்டை வீசிய வேகத்தில் மேசையிலிருந்த கண்ணாடிக் குடுவைகள் ஆடின. லேப் உதவியாளர் அஞ்சலாட்சி முதலில் குடுவைகளைப் பிடித்தாள். உடைந்தால் அதற்கும் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

“படி. சத்தமா படி.”

“செப்டம்பர் நாலு, ரெண்டாயிரத்தி ஆறு. காலையில ஆறு மணி, ரெட்டைக் கம்பிப் பதம். ஒம்போது மணி, ஒத்தக் கம்பிப் பதம். மத்தியானம், தேன் பதம்.”

சேதராப்பட்டில், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைச் சுத்தம் செய்யும் கம்பெனி அது. எண்ணெய் என்று பேர்தான், கறுப்பாக, கெட்டியாக, லேசில் நகராது. டவருக்குள் அது மேலேயிருந்து தட்டுத் தட்டாகத் துளியாய் இறங்க வேண்டும். கீழேயிருந்து ஏறும் சால்வெண்ட் என்கிற கரைப்பான் வேண்டியதைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். பழைய டவரிலோ தினமும் காலையில் எண்ணெய் தட்டிலேயே சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அதற்குத்தான் கவிநிலா என்ற இன்ஜினியர் புது டவர் வடிவமைத்திருந்தாள். இன்றுதான் முதல் ஓட்டம்.

“மத்த ஷிப்ட்ட பாரு. நானூத்தி இருபது, நானூத்தி இருபது. எவ்ளோ அழகா இருக்கு. பதினோரு மணிக்கு முதலாளியும் மேடமும் லேபுக்கு வர்றாங்க. அதுக்குள்ள இந்த மாசத்துப் பக்கத்தையாவது நம்பர்ல மாத்தி எழுது. இல்லன்னா நாளைலேருந்து வராத.”

“கெட்டி அளக்குற மீட்டரு பொங்கலுக்கே படுத்துடுச்சே சார்.”

“அதான் நானூத்தி இருபதுன்னு போடச் சொன்னேன்ல?”

“பாக்காத நம்பர எப்படி சார் எழுதுறது? கண்ணாடிக் கோல விட்டுத் தூக்குனேன். எப்படி வடிஞ்சுதோ அப்படி எழுதுனேன்.”

இராமதாஸ் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

அஞ்சலாட்சிக்குப் பயமாகத்தான் இருந்தது. நூல் மில்லை மூடிய பிறகு முத்தியால்பேட்டையிலிருந்து நாலு வருஷம் அலைந்து பிடித்த வேலை இது. ஆனால் மில்லில் பதினெட்டு வருஷம் நூல் எண்ணியவள், இல்லாத நூலை ஒருநாளும் எண்ணியதில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு முதலாளி தணிகாசலம் வாயெல்லாம் பல்லாக வந்தார். காலை ஆறு மணியிலிருந்து ஒரு தட்டும் அடைக்கவில்லை. பின்னால் சுருட்டிய வரைபடத்தோடு கவிநிலா.

இராமதாஸ் முந்திக்கொண்டார். “மேடம், லாக் புக்குல ஒரு ஷிப்ட்ட மட்டும் கண்டுக்காதீங்க. இந்தப் பொம்பள ஏதோ பாகு பதமெல்லாம் எழுதி வெச்சிருக்கு. நாளைக்கே ஆள மாத்திடறேன்.”

“ஏப்ரல்ல வந்தப்பவே பாத்தேன் சார். ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போனேன்” என்றாள் கவிநிலா. “அந்த நானூத்தி இருபது பழைய டவரோட பேர்த் தகட்டுல அடிச்சிருக்கிற நம்பராச்சே. குளிர், வெயிலு எதுக்கும் மாறாம அதே நம்பர் எப்படி வரும்?”

“நானூத்தி இருபதா?” முதலாளி இராமதாஸை ஏற இறங்கப் பார்த்தார். “பொருத்தமாத்தான் போட்டிருக்கீங்க.”

கவிநிலா தொடர்ந்தாள்.

“எனக்கு நெஜமான கணக்கு ஒண்ணு வேண்டியிருந்துச்சு. அதனால வீட்டுல சக்கரைப் பாகு காய்ச்சி, ஒவ்வொரு பதத்தையும் எங்க ஆபீஸ் மீட்டர்ல அளந்தேன். ரெண்டு பாத்திரம் அடிப்பிடிச்சு அம்மாகிட்ட திட்டு வேற. காலையில இருக்கிற அந்தக் கெட்டிக்குத் தகுந்த மாதிரிதான் மேல் தட்டுல ஓட்டையப் பெருசாக்கினேன்.”

வரைபடத்தை மேசையில் விரித்தாள். முழுக்க ஆங்கிலம், ஒரு மூலையில் மட்டும் கையெழுத்தில் நாலு வரி தமிழ். அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தாள். கண் கலங்கியது. ஆனாலும் நிமிர்ந்து நின்று, வரைபடத்தை இராமதாஸ் பக்கம் திருப்பி வைத்தாள்.

“சத்தமா படிங்க சார்.”

இராமதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“காலையில ரெட்டைக் கம்பிப் பதம். ஒம்போது மணிக்கு ஒத்தக் கம்பிப் பதம். மத்தியானம் தேன் பதம். அளவு எடுத்தவர்... அஞ்சலாட்சி.”