தவளை தேர்ந்தெடுத்த மைக்

நம்பாதவர்கள் அந்தக் குளத்தையே கேட்டுக்கொள்ளலாம். அங்கே ஒரு தவளைக்குத் தன் பாட்டைப் பதிவு செய்துவிட ஆசை வந்தது. கரைக்கு இரண்டு மைக்குகள் வந்தன.

“நீ எப்படிக் கேப்பே?” என்று ஒற்றைக் காது மைக்கிடம் விசாரித்தது தவளை.

“உங்க குரலை மட்டும்தான் அண்ணே. மத்ததைக் காதிலேயே போட்டுக்க மாட்டேன்.”

“அட! நீ?”

“எனக்கு ரெண்டு காது,” என்றது கையடக்கமான ஸ்டீரியோ மைக். “நடுவிலே உங்க பாட்டு. வலப்பக்கம் தண்ணி. இடப்பக்கம் புல்லுக்குள்ளே என்னவோ ஊர்ந்து வருது அண்ணே.”

“என் கச்சேரியிலே புல்லுக்கு என்னடா வேலை?”

தவளை ஒற்றைக் காதையே வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாடியது.

பதிவு அருமை. துளி இரைச்சல் இல்லை. பாதிப் பாட்டில் அண்ணன் ஏன் நிறுத்திவிட்டார் என்றுதான் ஒற்றைக் காது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.