ஐஸ் கட்டுவது ஏன்?

ஃப்ரீசருக்குள் ஐஸ் பாறையாக இறுகிக் கிடந்தது. மெக்கானிக் லக்ஷ்மணன் ஃப்ரிட்ஜ் மேலிருந்த சுகர் மாத்திரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்த்தார்.

"ரப்பர் நல்லாத்தான் இருக்கு. தெர்மோஸ்டாட்டும் சரியா இருக்கு. கதவு ரொம்ப நேரம் தொறந்து கெடக்குதுங்களா சார்?"

"நான்தான் தொறந்து வைக்கிறேன்," என்றார் அருள்தாஸ் மெதுவாக.

"எதுக்குங்க?"

"இங்கிட்டு வாங்க."

கதவை அகலத் திறந்து, அதன் மறைவில் குனிந்தார். லக்ஷ்மணனும் குனிந்தார். அருள்தாஸ் கத்தரிக்காய்களுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தார். அவருக்கு ஓர் அதிரசம், தனக்கு ஒன்று.

சட்டைப் பையில் போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து மகன்.

"அப்பா, கேமராவுல ஃப்ரிட்ஜ் கதவுதான் தெரியுது. மெக்கானிக் என்ன பண்றாரு?"

"ஐஸ் எதனால கட்டுதுன்னு பாத்துக்கிட்டு இருக்காருப்பா," என்றார் அருள்தாஸ், மென்றுகொண்டே.